ஆறு சாம்பல் கட்டங்கள்

புதிதாக ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள், வகுப்பறையில் ப்ரொஜெக்டரையும் கைபேசியையும் எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் உங்களிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்மார்ட் போர்டு வந்த முதல் நாள் அதன்மேல் சாக்பீஸால் தேதி எழுதியவன் நான். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை உங்கள் வகுப்புப் பிள்ளைகளே சொல்லித் தந்துவிடுவார்கள். நான் எழுதப்போவது அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு நான் செய்த ஒரு காரியம்.

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறும் ஆண்டில், ஒன்பதாம் வகுப்பில், ஆறு பிள்ளைகளிடம் ஒரு பொய் சொன்னேன். அவர்களில் ஒரு பெண் எனக்காகத் தானும் ஒரு பொய் சொன்னாள். அவர்களிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

எங்கள் பள்ளி பாலக்கரைப் பக்கம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வருவேன். அறிவியல் பாடம். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைவீதிப் பிள்ளைகள், அப்பா வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள், காட்டூரிலிருந்தும் எடமலைப்பட்டி புதூரிலிருந்தும் பஸ் பிடித்து வருபவர்கள் என்று நாற்பத்திரண்டு பேர்.

அவர்களுக்கான அட்டைகளைக் கொண்டுவந்தவர் எங்கள் கணினி ஆசிரியை. கைலாசபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். என் மகளைவிட நாலைந்து வயது இளையவர். கடைசி இரண்டு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவரிடம்தான்.

அட்டை என்றால் கையகலச் சதுரம். நடுவில் கறுப்புக் கட்டங்களால் ஒரு கோலம் மாதிரி அச்சடித்திருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு கோலம், ஒரு எண். நான்கு ஓரங்களில் அ, ஆ, இ, ஈ என்று பேனாவால் எழுதியிருந்தோம். திரையில் கேள்வி வரும். விடை ‘இ’ என்று நினைக்கிற பிள்ளை, ‘இ’ எழுதிய ஓரம் மேலே இருக்கும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்கும். நான் கைபேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். சரியாகச் சொன்னவர் பெயர் திரையில் பச்சைக் கட்டம். தவறு என்றால் சிவப்பு. அட்டையே காட்டவில்லை என்றால் சாம்பல்.

“பிள்ளைங்ககிட்ட போன் வேண்டாம் சார், உங்க ஒரு போன் போதும்” என்றார் கணினி ஆசிரியை. “ஆனா ஒண்ணு சார். மொத தடவை காட்டினதும் விடையைச் சொல்லிடாதீங்க. பக்கத்துல இருக்கறவங்களோட ரெண்டு நிமிஷம் பேச விடுங்க. அப்புறம் மறுபடியும் காட்டச் சொல்லுங்க. இந்த அட்டையே அதுக்குத்தான்.”

“பேச விட்டா காந்தி மார்க்கெட் மாதிரி ஆயிடும்மா.”

“ஆகட்டுமே சார். மார்க்கெட்ல யாரும் தூங்கறதில்லையே.”

நான் சிரித்துக்கொண்டே அட்டைகளை வாங்கிக்கொண்டேன். பேச மட்டும் விடவில்லை.

அந்த முதல் வாரங்களின் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உற்சாகம் வருகிறது. மணி அடித்து நான் வகுப்புக்குள் நுழையும் முன்பே அட்டைகள் மேஜைமேல் தயாராக இருக்கும். ஒரு கேள்வி முடிந்ததும் பச்சை எங்கே, சிவப்பு எங்கே என்று எல்லாக் கழுத்தும் திரையை நோக்கி நீளும். அலெக்ஸ் என்று ஒரு பையன், சிவப்பு விழுந்தால்கூட எழுந்து நின்று கும்பிடு போடுவான். முப்பது வருடமாக மேல்கூரையைப் பார்க்கும் முகங்களையே பார்த்துவந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியும்.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ ரிஸ்வானா எழுந்தாள். பதினேழாம் நம்பர் அட்டை. பெரிய கடைவீதிப் பக்கம் அவளுடைய மாமாவுக்கு ஜூஸ் கடை. அப்பா துபாயில்.

“சார், தெரியலன்னா எந்தப் பக்கம் சார் காட்டணும்?”

நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது: “தெரியலன்னா கவுத்து மடியில வச்சுக்கோம்மா. அது எனக்கு வேண்டாம்.”

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து தெரியாத கேள்வி ஒவ்வொன்றுக்கும் அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். குத்துமதிப்பாக ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. அவளைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் அப்படியே செய்தார்கள், அலெக்ஸ் உட்பட. திரையில் தினமும் ஆறு சாம்பல் கட்டங்கள். அவற்றைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்ததே தவிர, உண்மையைச் சொல்லும் ஆறு பேர் என் வகுப்பில் இருக்கிறார்கள் என்று தோன்றவில்லை.

அப்போதுதான் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வகுப்பைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அட்டை வைத்துப் பாடம் நடத்துவதைப் பார்க்க வேண்டுமாம். தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு, “சார், இது நல்லா அமைஞ்சுட்டா இந்த வருஷப் பாராட்டுக்கு உங்க பேரை அனுப்பறேன்” என்றார். எனக்கு அது வேண்டியிருந்தது. முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஒரு சால்வையோடும் பழத்தட்டோடும் மட்டும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் கற்றுத் தந்த ஒரு வித்தை உண்டு. ஆய்வுக்கு ஆள் வந்தால் எந்தக் கேள்விக்கும் மொத்த வகுப்பும் கை தூக்க வேண்டும். தெரிந்தவன் வலக்கை, தெரியாதவன் இடக்கை. ஆசிரியர் வலக்கைக்காரனை மட்டும் எழுப்புவார். வந்தவர் மகிழ்ச்சியோடு காப்பி குடித்துவிட்டுப் போவார். நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன். அட்டையிடம் இந்த வித்தை பலிக்காது. அதனால் நான் புதிதாக ஒன்று செய்தேன். எட்டுக் கேள்விகளைத் தயாரித்து, ஒரு வாரம் அவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக்கினேன். பிள்ளைகள் புத்திசாலிகள். மூன்றாவது நாளே கேள்வியைப் படிப்பதை விட்டுவிட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டார்கள். ‘இ-அ-ஈ-ஆ, அ-இ-ஆ-இ’ என்று வாய்பாடு மாதிரி ராகம் போட்டுப் பாடினார்கள். நான் கேட்டும் கேட்காதது போல இருந்தேன்.

அப்போதும் அந்த ஆறு பேர் மட்டும் தெரியாத கேள்விக்கு அட்டையைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார்கள். ஏழாவது கேள்வியின்போது, “அதான் ‘ஆ’ன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, காட்ட வேண்டியதுதானே?” என்று ரிஸ்வானாவிடம் கேட்டேன். “ஏன் ‘ஆ’ன்னு தெரியல சார்” என்றாள்.

அதிகாரி வரும் நாள் காலையில் ஆறு பேரையும் தனியாகக் கூப்பிட்டேன். “லைப்ரரிக்குப் புதுப் புத்தகம் வருது. அடுக்க ஆள் வேணும். நீங்க போய் உட்காருங்க.” எந்தப் புத்தகமும் வரவில்லை. அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டே போனார்கள்.

அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்தார். தலைமையாசிரியையும் கணினி ஆசிரியையும் சுவரோரம் நின்றார்கள். முதல் கேள்வி, முப்பத்தாறு பச்சை. இரண்டாவது, முப்பத்தாறு பச்சை. மூன்றாவதும் அப்படியே. எனக்குக் கழுத்தில் பாராட்டு மாலை விழுந்தது போலவே இருந்தது.

“சார், அந்த ஆறு கட்டம் மட்டும் ஏன் சாம்பலா இருக்கு?” என்றார் அதிகாரி.

பட்டியலிலிருந்து பெயர்களை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் எடுக்கத் தெரியாது. அந்தக் காலத்தில் ஒரு பிள்ளையை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பினால் அந்தப் பிள்ளை கண்ணில் படாது. இந்தத் திரையிலோ இல்லாதவர்களின் பெயரும் எல்லோரும் பார்க்கும்படி நின்றது.

“இன்னிக்கு லீவு மேடம்” என்றேன்.

முன் பெஞ்சிலிருந்து மதுமிதா எழுந்தாள். வகுப்பில் முதல் மாணவி, என்னோடு அதே பஸ்ஸில் வருபவள். “இல்ல மேடம், லைப்ரரில இருக்காங்க. சார்தான் அனுப்பினாங்க.” எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். நான் மறந்துவிட்டேனாம்.

அதிகாரி ஆளனுப்பச் சொன்னார். ஆறு பேரையும் கூப்பிட்டு வந்தார்கள். வாசலில் நின்றவர்களிடம் அதிகாரி, “லைப்ரரில என்ன வேலை?” என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். “புத்தகம் அடுக்கறாங்க மேடம்.”

“அடுக்கி முடிச்சாச்சா?”

ரிஸ்வானா என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

“முடிச்சாச்சு மேடம்” என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்ட மறுத்தவள், நான் அவமானப்படக் கூடாது என்பதற்காக என்னுடைய பொய்யைத் தானும் சொன்னாள். ஆறு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நாலாவது கேள்வி போடுங்க சார். ஆனா விடைகளோட வரிசையை மட்டும் மாத்திப் போடுங்க. நான் மாடிப்படி ஏறி வரும்போது ரெண்டு பிள்ளைங்க ஏதோ பாட்டு பாடிக்கிட்டு இறங்கினாங்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.”

ப்ரொஜெக்டர் ஒயர் என் காலடியில்தான் ஓடியது. இதையும் மறைக்கப் போவதில்லை. செருப்பு முனையால் அதைத் தொட்டுவிட்டேன். ஓர் இழுப்பு இழுத்தால் திரை அணைந்துவிடும், ‘ஏதோ கோளாறு மேடம்’ என்று சொல்லிவிடலாம். சுவரோரம் நின்ற கணினி ஆசிரியை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. முடிவை என்னிடமே விட்டுவிட்டார். அந்த மரியாதைக்குப் பயந்து காலை நகர்த்திக்கொண்டேன்.

கேள்வி இதுதான். இரண்டு ஐஸ் கட்டிகள். ஒன்றைக் கம்பளியில் சுற்றி வைக்கிறோம், இன்னொன்றைத் தட்டில் திறந்து வைக்கிறோம். எது முதலில் உருகும்? விடைகளை இடம் மாற்றிப் போட்டேன். முப்பத்தாறு பிள்ளைகளும் மின்னல் வேகத்தில் ‘ஆ’வைத் தூக்கினார்கள். பழைய வரிசையில் சரியான விடை அது. புதிய வரிசையிலோ ‘இரண்டுமே உருகாது’. கேமராவைச் சுற்றினேன். திரை முழுவதும் சிவப்பு. நடுவில் இரண்டே பச்சை, ரிஸ்வானாவும் இன்னொரு பெண்ணும். ஆறில் மற்ற நால்வரும்கூடச் சிவப்புதான், ஆனால் அவர்கள் வேறு விடையைக் காட்டியிருந்தார்கள்.

“உங்க கிளாஸ்ல கேள்வியைப் படிச்சவங்க ஆறு பேருதான் போல சார்” என்றார் அதிகாரி. குரலில் கேலி இருந்தது, கோபம் இல்லை.

கணினி ஆசிரியை சொன்னது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. “பக்கத்துல இருக்கறவங்களோட பேசுங்க. ரெண்டு நிமிஷம்” என்றேன்.

ஒரு நொடி யாரும் நம்பவில்லை. அப்புறம் மடை திறந்தது. அலெக்ஸ் பெஞ்சுமேல் முட்டி போட்டு எழுந்தான். “கம்பளி போத்தினா எனக்கு வேர்க்குது. ஐஸுக்கு மட்டும் வேர்க்காதா?”

“உனக்கு உள்ள சூடு இருக்குடா. ஐஸுக்கு உள்ள என்ன இருக்கு?” என்றாள் ரிஸ்வானா.

“அப்ப கம்பளி சூடு தராதா?” இது மதுமிதா. அவள் ரிஸ்வானாவிடம் பாட விஷயமாகப் பேசி அன்றுதான் பார்த்தேன்.

“மாமா கடையில ஐஸ் பாறைய சாக்குலதான் சுத்தி வைப்பாங்க. சாக்கு சூடும் தராது, குளிரும் தராது. வெளிச் சூட்ட உள்ள விடாது, அவ்வளவுதான். கடைக்கு வந்து பாரு, ஒரு ரோஸ்மில்க்கும் குடிச்சிட்டுப் போ.”

பக்கத்து வகுப்பு ஆசிரியர் என்ன கலவரமோ என்று எட்டிப் பார்த்தார். அதிகாரியே ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்து, வேண்டுமென்றே தவறான விடைக்கு வாதாடிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் எட்டு நிமிடம் ஆயிற்று. மறுபடி அட்டை காட்டச் சொன்னபோது பாதிக்குமேல் பச்சை. மீதிப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை. “செஞ்சு பாத்துடலாம் சார்” என்றான் அலெக்ஸ்.

மறுநாள் ரிஸ்வானாவின் மாமா ஐஸ் கொடுத்தனுப்பினார். கம்பளிக்குத்தான் பஞ்சம். திருச்சி வெயிலில் கம்பளி வைத்திருப்பவர் யார்? நாற்பத்திரண்டு வீட்டிலும் கிடைக்காமல், கடைசியில் தலைமையாசிரியை கொடைக்கானலில் வாங்கிய கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து, “கறை பண்ணிடாதீங்க சார்” என்று கொடுத்தார். ஒரு பீரியட் முடிவில் தட்டு ஐஸ் தண்ணீராக நின்றது. சால்வை ஐஸ் பாதிகூடக் கரையவில்லை. அலெக்ஸ் தட்டுக்குக் கும்பிடு போட்டான். எனக்குப் பிறந்தநாள் போல இருந்தது.

அதிகாரி பார்வையாளர் பதிவேட்டில் இரண்டே வரி எழுதியிருந்தார்: ‘மாணவர்கள் உரக்கப் பேசுகிறார்கள். தொடரட்டும்.’ பாராட்டுக்கு என் பெயரை அனுப்ப வேண்டாம் என்று தலைமையாசிரியையிடம் நானே சொன்னேன். அவரும் வற்புறுத்தவில்லை. அந்த வாரத்திலிருந்து ‘ஈ’ என்ற பக்கத்துக்கு ஒரே அர்த்தம் என்று வகுப்பில் முடிவு செய்தோம்: ‘தெரியவில்லை’. அதன்பின் யாரும் அட்டையைக் கவிழ்த்து வைக்கவில்லை.

இவ்வளவும் நல்லபடியாக முடிந்ததால், அந்தப் பொய்யைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டேன். பிள்ளைகள் மறந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு முறை ரிஸ்வானா எழுந்து கேள்வி கேட்கும்போதும் ‘முடிச்சாச்சு மேடம்’ காதில் விழும். நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடிந்து சொல்லலாம் என்று ஏழு மாதம் போனது.

கடைசி வேலை நாள். சால்வை வந்தது, பழத்தட்டு வந்தது. அதன்பின் ஒன்பதாம் வகுப்பு எனக்கு ஒரு பீரியட் வேண்டும் என்று கேட்டிருந்தது. உள்ளே போனால் என் நாற்காலி அலெக்ஸின் பெஞ்சுக்குப் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. மேஜைமேல் புது அட்டை ஒன்று. நாற்பத்து மூன்றாம் நம்பர். திரைப் பட்டியலில் கடைசியாக என் பெயர். கணினி ஆசிரியையின் கைபேசியைப் பிடித்துக்கொண்டு ரிஸ்வானா முன்னால் நின்றாள். அவளுடைய அட்டையை மதுமிதா வைத்திருந்தாள்.

“கேள்விக்குப் போலாமா சார்? அடுத்தவங்க அட்டையப் பாக்கக் கூடாது.”

முதல் கேள்வி: ‘சார் ஒரு பீரியடில் எத்தனை முறை மூக்குக் கண்ணாடியைத் தேடுவார்?’ நான் இரண்டு என்று காட்டினேன். சிவப்பு. எனக்குச் சிவப்பு விழுந்ததைப் பார்த்து வகுப்பு சிரித்த சிரிப்பில் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். இன்னும் இரண்டு கேள்விகள் அப்படியே போயின. நான்காவது வந்தது.

‘அதிகாரி வந்த அன்று சார் ஆறு பேரை ஏன் லைப்ரரிக்கு அனுப்பினார்?
அ. புத்தகம் அடுக்க.
ஆ. அவர்களுக்கு ஒன்றும் தெரியாததால்.
இ. சாருக்குப் பயமாக இருந்ததால்.
ஈ. தெரியவில்லை.’

சிரிப்பு நின்றுவிட்டது. கை தானாக ‘ஈ’ பக்கம் அட்டையைத் திருப்பியது. அவர்களுக்கு நான் கொடுத்த பக்கம், எனக்கும் வசதியாக இருந்தது.

“அவசரம் இல்ல சார்” என்றாள் ரிஸ்வானா. “பக்கத்துல இருக்கறவங்களோட பேசிக்கலாம்.”

பக்கத்தில் அலெக்ஸ் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, “ஈஸிதான் சார்” என்று முணுமுணுத்தான்.

நான் அட்டையைத் திருப்பி ‘இ’யை மேலே பிடித்தேன். அவள் கைபேசியை மெதுவாகச் சுற்றினாள். திரையில் பச்சைகள் வரிசையாக விழுந்தன. என் பெயரும் பச்சை. நடுவே சில சிவப்பு. சாம்பல் ஒன்றுகூட இல்லை. அலெக்ஸின் பெயர் சிவப்பாக இருந்தது. அவன் ‘அ’ காட்டியிருந்தான்.

“நான் அன்னிக்கு கடைசி வரைக்கும் புக்கு வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன் சார்” என்றான்.

எழுந்து நின்றேன். “புத்தகம் எதுவும் வரலப்பா. பர்சன்டேஜ் குறைஞ்சுடும்னு பயந்து உங்க ஆறு பேரையும் ஒளிச்சு வச்சேன். என்னைக் காப்பாத்த ரிஸ்வானா பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. தப்பு என்னுது. என்னை மன்னிச்சுடுங்க.”

மற்ற நாற்பத்தொரு பேரும் ரிஸ்வானாவைப் பார்த்தார்கள். அவள் கைபேசியைக் கணினி ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

“அந்த லைப்ரரில ஃபேன் நல்லா ஓடுச்சு சார்” என்றாள். “ஒரு கதைப் புத்தகம் எடுத்தேன். நீங்க இன்னும் ஒரு அரைமணி நேரம் பயந்திருந்தா முடிச்சிருப்பேன்.”